கிணறு வெட்டினால் காணுமா? ஒரு கைப்பம்பியின் வரலாறு



வருசப் பிறப்பன்று மருத்துநீர் வைத்துத் தோய்வது எங்கள் வழக்கம். இந்த நாட்டிலும் அதை விடாமல் செய்கிறோம். கோயிலில் சின்னப் போத்தலில் தந்து விடுவார்கள். வீட்டில் பைப்பைத் திறந்து, சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் கலந்து, ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். அதே பைப்பில்தான் குடிக்கிற தண்ணியும் வருகுது. இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளுக்கு அது ஒரு விசயமே இல்லை. ஆனால் ஊரை நினைக்கிற எங்களுக்குத் தண்ணியின் பெறுமதி தெரியும். அதனால்தான் எங்கள் ஆட்கள் காசு சேர்க்கத் தொடங்கினால் முதலில் வருகிற பேச்சு, "ஊரிலை ஒரு கிணறு அடிச்சுக் குடுப்பம்" என்பதாக இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கிணறு, தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்குக் கிணறு என்று எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான்.

ஆனால் அடித்துக் கொடுத்த கிணறு மூன்று வருசம், ஐந்து வருசம் கழித்து வேலை செய்யுதா என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் கண்டிருக்கிறது. பல கோடி காசை மண்ணுக்குள்ளே விட்ட பிறகுதான் அந்தப் பதில் கிடைத்தது. அந்த வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். அதில் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

பாறைக்குள்ளே தண்ணி

1966, 67ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் பெரும் வரட்சி வந்தது. குளம், குட்டை, கிணறு எல்லாம் வற்றிப்போக, சனம் சேற்றுத் தண்ணியைக் குடித்தது. வெளிநாட்டு உதவி நிறுவனங்களும் திருச்சபைகளும் உணவு கொண்டுபோனார்கள். ஆனால் தண்ணி இல்லாத இடத்தில் உணவை மட்டும் கொடுத்து என்ன செய்வது? அப்போது யுனிசெப் நிறுவனம் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது.

இந்தியாவின் பெரும் பகுதி கருங்கல் நிலம். தண்ணி அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளே இருக்கும். கையால் வெட்டினால் மாதக் கணக்காகும், வெடிமருந்தும் வேணும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டின ஆட்களுக்கே அதன் கஸ்டம் தெரியும். கருங்கல் அதைவிட எத்தனையோ மடங்கு மோசம். காற்றழுத்தத்தால் அடிக்கும் புது இயந்திரம் அப்படிப்பட்ட பாறையில் ஒரு நாளிலேயே ஒரு குழாய்க்கிணற்றை அடித்துவிடும். சனத்துக்கு அது அதிசயமாக இருந்தது.

பீகாருக்கு முன்பே மகாராஷ்டிர மாநிலத்தில் ஜால்னா என்ற இடத்தில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் ஊழியர்கள் இதே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வரண்ட கிராமங்களுக்குப் போய்க் கிணறு அடித்துக் கொடுப்பது அவர்கள் தொண்டு. இப்படித் திருச்சபைகளும் யுனிசெப்பும் அரசாங்கமும் சேர்ந்து சில வருசங்களுக்குள் ஆயிரக்கணக்கில் கிணறுகளை அடித்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் மேலே ஒரு கைப்பம்பி பூட்டினார்கள். தமிழ்நாட்டில் இதை அடிபம்பு என்பார்கள்.

நூற்றுக்கு எழுபத்தைந்து

1974இல் யுனிசெப் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அடித்த கிணறுகளில் எத்தனை பம்பி வேலை செய்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். வந்த விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. எந்த நேரத்தில் பார்த்தாலும் நூற்றுக்கு 75 பம்பி பழுதாகிக் கிடந்தது. கீழே நல்ல தண்ணி இருக்கிறது, மேலே இரும்பு உடைந்து நிற்கிறது, சனம் பழையபடி குட்டைக்கே போகிறது.

காரணம் என்ன? அந்தப் பம்பிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளில் பாவித்த பம்பிகளைப் பார்த்து வார்ப்பு இரும்பில் செய்தவை. ஒரு குடும்பமும் கொஞ்ச மாடும் குடிக்க ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் அடிப்பதற்கென்று உருவாக்கியவை. இந்தியக் கிராமத்தில் நிலைமை வேறை. அங்கே 250 பேருக்கு ஒரு பம்பி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லீற்றர் என்பது பின்னாளில் அரசாங்கம் வைத்த அளவு. கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10,000 லீற்றர். ஒருமுறை அடித்தால் ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் வரும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 25,000 தடவை அந்தக் கைபிடி மேலும் கீழும் போகவேணும். விடிய நாலு மணிக்குத் தொடங்கி இரவு வரை ஓய்வில்லை. பண்ணை வீட்டுப் பம்பி அதைத் தாங்குமா?

இன்னொரு குறையும் இருந்தது. பழைய பம்பியில் கைபிடிக்கும் கம்பிக்கும் இடையில் மூன்று இடத்தில் ஊசிப் பூட்டு இருக்கும். கைபிடி வளைந்து போய்வர, கம்பியும் பக்கவாட்டில் இழுபடும். ஊசியும் ஓட்டையும் தேய்ந்து, ஆட்டம் கொடுத்து, கடைசியில் வார்ப்பு இரும்பு வெடிக்கும். வார்ப்பு இரும்பு வெடித்தால் கிராமத்தில் யார் ஒட்டுவது?

செயினும் பேரிங்கும்

இந்தக் குறைக்கு முதலில் வழி கண்டவர்கள் பெரிய கம்பனிக்காரர் இல்லை. உடைந்த பம்பியைத் திருத்தித் திருத்திக் களைத்துப்போன ஜால்னா ஊழியர்களும், அதே மாநிலத்தில் சோலாப்பூரில் இருந்த பட்டறைக்காரரும்தான். தாங்கள் அடித்த கிணற்றுக்குத் தாங்களே பொறுப்பு என்று நினைத்தபடியால் அவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள், எது உடைகிறது என்று கவனித்தார்கள்.

நான் ஏ.எல். வரைக்கும்தான் படித்தவன். இங்கே தொழிற்சாலையில் செயினோடும் பேரிங்கோடும் நாள் முழுக்க வேலை செய்கிறேன். அதனால் இந்தப் பம்பியின் படத்தைப் பார்த்தவுடன் அதில் உள்ள கெட்டித்தனம் விளங்கியது. மற்றவர்களுக்கும் விளங்க எழுதுகிறேன்.

அவர்கள் வார்ப்பு இரும்பை விட்டுவிட்டு உருக்குத் தகட்டை வெட்டி வெல்டிங் செய்தார்கள். மூன்று பூட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு அச்சு வைத்தார்கள். அந்த அச்சில் மூடிய பேரிங். தூசி போகாது, அடிக்கடி எண்ணெய் விடத் தேவையில்லை. கைபிடியின் முன்பக்கம் வண்டிச் சில்லில் கால்வாசியை வெட்டி வைத்தது போல வளைவாக இருக்கும். அதன்மேல் சைக்கிள் செயினைவிடத் தடித்த ஒரு செயின். கீழே போகும் கம்பி அந்தச் செயினில்தான் தொங்குகிறது. கைபிடி எப்படி வளைந்து போனாலும் செயின் கம்பியை நேராக மேலே தூக்கும். பக்கத்துக்கு இழுப்பதே இல்லை. அதனால் தேய்வும் குறைவு.

கைபிடியைக் கெட்டியான நீள இரும்புச் சட்டமாக வைத்ததற்கும் காரணம் உண்டு. எங்கட ஊர்த் துலாவை நினைத்துப் பாருங்கள். துலாவின் அடிப்பக்கத்தில் கல்லைக் கட்டிப் பாரம் ஏற்றுவோம், அப்போதுதான் வாளி லேசாக மேலே வரும். இதுவும் அதேதான். கைபிடியின் பாரம் கீழே தொங்கும் கம்பியின் பாரத்துக்கு ஈடு கொடுக்கிறது. 30 மீற்றர் ஆழத்தில் இருந்து தண்ணியும் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 120 கிலோ பாரம். கைபிடி அதை எட்டில் ஒன்றாகக் குறைக்கும். மிச்சம் 15 கிலோ. அதிலும் ஒரு பங்கைக் கைபிடியின் பாரம் ஏற்றுக்கொள்ளும். பத்து வயதுப் பிள்ளையும் அடிக்கலாம்.

கோயம்புத்தூரும் சென்னையும்

1970களின் நடுப்பகுதியில் யுனிசெப், இந்திய அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து, நாடு முழுக்கப் பாவிக்கக்கூடிய ஒரு பம்பியை உருவாக்கத் தீர்மானித்தன. அப்போது இருந்தவற்றில் அதிக காலம் தாங்கியது சோலாப்பூர் பம்பி என்றபடியால் அதையே அடிப்படையாக எடுத்தார்கள். அதைத் திருத்தி, அளவுகளை ஒழுங்குபடுத்தி, மாதிரிப் பம்பிகள் செய்து கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பூட்டிச் சோதித்தார்கள். அங்கே தண்ணி ஆழத்தில் இருக்கும். ஆழக் கிணற்றில் தாங்கினால் மற்ற இடங்களிலும் தாங்கும் என்பது கணக்கு. ரிச்சர்ட்சன் அன்ட் குரூடாஸ் என்ற அரசாங்க நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலை அதைத் தயாரிக்கத் தொடங்கியது. இதுதான் 'இந்தியா மார்க் 2' என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்ற பம்பி.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது இரண்டு விசயம். ஒன்று, இந்தப் பம்பிக்கு ஒருவரும் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்யலாம், யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. இரண்டாவது, கண்டபடி செய்யவும் முடியாது. 1979இல் இந்தியத் தர நிர்ணயம் இதற்கு ஒரு தரம் விதித்தது. எந்தக் கம்பனி செய்தாலும் ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. ஒரு தொழிற்சாலையின் கைபிடி இன்னொரு தொழிற்சாலையின் பம்பிக்குப் பொருந்தும். தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். துண்டு பொருந்தாவிட்டால் முழு இயந்திரமும் குப்பை.

1981 முதல் 1990 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் சபை குடிதண்ணீருக்கான பத்தாண்டு என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் இந்தப் பம்பி ஆபிரிக்காவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் போனது. எங்கட பக்கத்துக்கும் வந்தது. வன்னியில் பள்ளிக்கூட வளவுகளிலும், இடம்பெயர்ந்த சனம் இருந்த இடங்களிலும் கைப்பம்பியில் தண்ணி அள்ளாத ஆட்கள் குறைவு. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த உறவுகளுக்கு அடிபம்புக்கு முன்னாலே குடம் அடுக்கி வரிசை பிடித்த கதை இன்னும் மறந்திருக்காது.

யார் திருத்துவது?

நல்ல பம்பி வந்தபின் பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. எவ்வளவு கெட்டியான பம்பியும் ஒரு நாள் பழுதாகும். செயினுக்குக் கிறீஸ் பூச வேணும். நட்டு இறுக்க வேணும். கிணற்றுக்குள்ளே சிலிண்டரில் இருக்கும் தோல் வாசர் தேய்ந்தால் மாற்ற வேணும்.

தமிழ்நாட்டில் இதற்கு மூன்றடுக்கு முறை ஒன்றை உருவாக்கினார்கள். கிராமத்தில் ஒவ்வொரு பம்பிக்கும் ஒரு காவலாள். அவர் நட்டை இறுக்கி, கிறீஸ் பூசி, சுற்றாடலைத் துப்பரவாக வைத்திருப்பார். தன்னால் முடியாத பழுது என்றால் மேலே அறிவிப்பார். வட்டார மட்டத்தில் ஒரு மெக்கானிக். பெரிய பழுதுக்கு மாவட்டத்தில் இருந்து வாகனத்தோடு ஒரு குழு. ஏனென்றால் வாசர் மாற்றுவதற்குக்கூட முழுக் குழாயையும் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுக்க வேணும். முக்காலி நட்டு நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. இந்த முறை வேறு மாநிலங்களுக்கும் பரவியது. ஆனால் வாகனக் குழு வரும்வரைக்கும் கிராமம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் பங்கர் ராய் தொடங்கிய சமூகப்பணி நிலையம் வேறு விதமாக யோசித்தது. கிராமத்துப் பெடியன்களுக்கே முழு வேலையையும் பழக்கினால் என்ன? படிப்புக் குறைந்தவர்கள், ஆனால் சைக்கிளோ தண்ணி இறைக்கும் மெசினோ திருத்தத் தெரிந்தவர்கள். அவர்கள் பம்பி மெக்கானிக் ஆனார்கள். பிறகு பெண்களும் பழகினார்கள். உத்தரப்பிரதேசத்தில் பாந்தா மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் 'மகிளா சமாக்யா' என்ற திட்டத்தின் கீழ் எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள், பம்பி திருத்தப் பழகினார்கள். முதலில் ஊரே சிரித்தது. ஆனால் பம்பி பழுதானால் தூர இடத்துக்குக் குடம் தூக்குவது பெண்கள்தான். தண்ணி வேணும் என்ற அவசரம் அவர்களுக்குத்தான் அதிகம். ஆகவே அவர்களே நல்ல மெக்கானிக் ஆனதில் ஆச்சரியமில்லை.

பம்பியையும் அதற்கேற்ப மாற்றினார்கள். 1983 முதல் 1988 வரை மறுபடியும் கோயம்புத்தூரில் ஒரு பெரிய சோதனை நடந்தது. தோல் வாசரை விட நைட்ரைல் ரப்பர் வாசர் அதிக காலம் தாங்கும் என்று அங்கே கண்டார்கள். குழாயை அகலமாக வைத்தால் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து வாசர் மாற்றலாம் என்றும் கண்டார்கள். அப்படி வந்ததுதான் மார்க் 3. விலை கொஞ்சம் கூட. ஆனால் ஊர்ச் சனமே திருத்தலாம்.

நரம்புச் சிலந்தி ஒழிந்த கதை

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் ஒரு உதாரணம் போதும். நரம்புச் சிலந்தி என்ற நோய் பற்றி முதியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அழுக்குத் தண்ணியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் பூச்சியோடு அதன் குஞ்சு வயிற்றுக்குள் போகும். ஒரு வருசம் கழித்து நீளமான நூல் போன்ற புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எரிவு தாங்காமல் நோயாளி காலைத் தண்ணியில் வைத்தால் புழு மறுபடியும் குஞ்சுகளை அந்தத் தண்ணிக்குள் விடும். ராஜஸ்தானின் படிக்கிணறுகளில் சனம் உள்ளே இறங்கித்தான் தண்ணி அள்ளியது. அதனால் நோய் சுற்றிச் சுற்றி வந்தது.

இந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. துணியில் வடித்துக் குடிக்கப் பழக்கினார்கள், படிக்கிணற்றில் இறங்காமல் தடுத்தார்கள், பக்கத்தில் கைப்பம்பி பூட்டினார்கள். குழாய்க்கிணற்றில் கால் வைக்க முடியாதே! 1996 யூலையில் இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானார். 2000இல் இந்தியா இந்த நோயில் இருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆயிரக்கணக்கான வருசம் மனிசரை வாட்டிய நோயை அங்கே ஒழித்ததில் பெரும் பங்கு நல்ல தண்ணிக்கு உண்டு.

தெளிந்த தண்ணி எல்லாம் நல்ல தண்ணியா?

இதற்கு நேர்மாறான ஒரு சோகக் கதையும் உண்டு. வங்காளதேசத்தில் சனம் குளத்துத் தண்ணியைக் குடித்து வயிற்றோட்டத்தால் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. 1970களில் இருந்து யுனிசெப்பும் அரசாங்கமும் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகளை அமைத்தன. பிறகு சனமே சொந்தக் காசில் இலட்சக்கணக்கில் அடித்தது. தண்ணி கண்ணாடி போல இருந்தது. கிருமி இல்லை. எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் அந்தத் தண்ணியில் ஆசனிக் என்ற பாஷாணம் கரைந்திருந்தது. இமயமலையில் இருந்து ஆறுகள் கொண்டுவந்து படிய விட்ட மண்ணிலேயே இயற்கையாக உள்ளது அது. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பல வருசம் குடித்த பிறகே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பும் புள்ளியும் வரும், பிறகு புற்றுநோயும் வரலாம். 1983இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா மேற்கு வங்கக் கிராமத்தவரிடம் இதைக் கண்டார். எல்லைக்கு அடுத்த பக்கம் வங்காளதேசத்தில் 1993இல்தான் உறுதி செய்தார்கள். 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை ஒன்று, மூன்றரைக் கோடி முதல் 7 கோடி 70 இலட்சம் வரையான மக்கள் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, கூடாத கிணற்றுக்குச் சிவப்பும் நல்லதுக்குப் பச்சையும் பூசினார்கள். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் தொடக்கத்தில் ஒருத்தரும் ஆசனிக்கைச் சோதிக்கவில்லை.

எங்கட மண்ணிலும் இந்தக் கவலை இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே மலசலகூடக் குழியில் இருந்தும் தோட்டப் பசளையில் இருந்தும் நைத்திரேற்று இறங்குகிறது. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2010களின் நடுவில் பெரிதாகப் பேசப்பட்டது. வரண்ட வலயத்தின் பல இடங்களில் தண்ணியில் புளோரைட் கூட. சிறுநீரக நோய் அநுராதபுரத்தோடு நிற்காமல் வவுனியா வரைக்கும் வந்திருக்கிறது. ஆகவே தண்ணி கண்டவுடன் தேங்காய் உடைத்துப் படம் எடுத்தால் காணாது. சோதித்துப் பார்க்க வேணும்.

இருபத்தேழு மணித்தியால நாள்

கொடுக்கிறவர்களைச் சந்தோசப்படுத்தவே ஒரு பம்பி வந்த கதையையும் சொல்ல வேணும். தென்னாபிரிக்காவில் பிள்ளைகள் விளையாடும் சுற்றுராட்டினத்தைப் பம்பியோடு இணைத்தார்கள். பிள்ளைகள் சுற்றி விளையாட, தண்ணி தானாக மேலே தொட்டிக்கு ஏறும். இதன் பெயர் 'பிளே பம்ப்'. கேட்க எவ்வளவு நல்லாக இருக்கிறது! 2006இல் அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் மேடையில் நின்று பல மில்லியன் டொலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 பம்பி பூட்டுவது திட்டம்.

விலை ஒன்றுக்கு ஏறக்குறைய 14,000 டொலர். சாதாரணக் கைப்பம்பியோடு பார்த்தால் ஏறக்குறைய நாலு மடங்கு. 2009இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். சொன்னபடி 2,500 பேருக்குத் தண்ணி கொடுக்க வேணுமென்றால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணித்தியாலம் சுற்ற வேணும்! நாளிலே 24 மணித்தியாலம்தானே இருக்கு. பிள்ளைகள் களைத்துப் போன பிறகு அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றியது வயதுபோன பெண்கள். சில இடங்களில் வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்பியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டியிருந்தார்கள். 2010இல் அந்தத் திட்டத்தை அமெரிக்க அமைப்பு கைவிட்டது. தண்ணி அள்ளுகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு காசு வீணாகியிராது.

சாதாரணப் பம்பிகளும் எல்லா இடத்திலும் வாழ்ந்துவிடவில்லை. 2009இல் வெளியான ஒரு கணக்கின்படி சகாராவுக்குத் தெற்கே 20 ஆபிரிக்க நாடுகளில் நூற்றுக்கு 36 கைப்பம்பி வேலை செய்யாமல் நின்றது. பம்பியைப் பூட்டிய தொண்டர்கள் நாடு திரும்பிவிட்டார்கள். பழுதான செயினுக்கு மாற்றுச் செயின் நூறு மைலுக்கு அங்காலே. சில இடங்களில் தண்ணியில் புளிப்புத் தன்மை கூடியபடியால் இரும்புக் குழாய் கறள் பிடித்துத் தண்ணி சிவந்து வர, சனம் அதை வெறுத்து ஒதுக்கியது. குழாயின் விலையில் மிச்சம் பிடித்ததன் பலன் அது.

கிணறு யாருடையது?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேணும். கிணறு எந்த வளவில் வருகுது என்பது பெரிய கேள்வி. மகாராஷ்டிரத்தில் மகாத் என்ற ஊரில் பொதுக் குளத்தில் தண்ணி குடிக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20ஆம் திகதி டொக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்த் தண்ணி அள்ளிக் குடித்தார். அதற்காக அவர்களுக்கு அடியும் விழுந்தது. எங்கட ஊர்களிலும் கிணற்றுக் கட்டுக்கு யார் வரலாம், யார் தூர நின்று மற்றவர் ஊற்றும்வரை காத்திருக்க வேணும் என்று இருந்ததை நாங்கள் மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டுக் காசில் அடித்த கிணறு ஊர்ப் பெரியவரின் வேலிக்குள்ளே போய்விட்டால், பொதுக்கிணறு என்ற பெயர்ப்பலகை மட்டும்தான் பொதுவாக இருக்கும்.

எங்கள் கடமை

இந்தியாவிலேயே இப்போது காலம் மாறுகிறது. 2019இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் பைப் கொடுக்க முயல்கிறார்கள். நல்லது. ஆனால் பைப்புக்கும் மோட்டாருக்கும் இதே பாடம்தான் பொருந்தும். சூரிய ஒளியில் ஓடும் பம்பியாக இருந்தாலும் ஒரு நாள் பழுதாகத்தான் போகிறது.

ஆகவே இந்த வருசம் காசு சேர்க்கும்போது, கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சில கேள்விகளைக் கேட்க வேணும் என்பது என் தாழ்மையான கருத்து. புதுக் கிணறு அடிக்க முதல், அதே ஊரில் பழுதான கிணறு எத்தனை கிடக்கிறது? அதில் இரண்டைத் திருத்தினால் காசும் மிச்சம், பலனும் கூட. தண்ணியை ஆய்வுகூடத்தில் சோதித்த கடதாசி எங்கே? மழைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்களா? இடத்தை யார் தெரிவு செய்தது, தண்ணி அள்ளும் பெண்களிடம் கேட்டார்களா? ஊரில் இரண்டு பேருக்காவது திருத்தப் பழக்கினார்களா, அவர்களிடம் சாவிகளும் மாற்று வாசரும் இருக்கிறதா? மாதம் மாதம் வீட்டுக்கு ஒரு சிறு தொகை சேர்த்துக் கணக்கு வைக்க ஆள் இருக்கிறதா?

நாங்களும் எங்கட பழக்கத்தை மாற்ற வேணும். பத்துக் கிணற்றுக்குக் காசு இருந்தால் ஏழு கிணறு அடித்து, மிச்சக் காசைப் பத்து வருசப் பராமரிப்புக்கு வைப்பது நல்லது. கிணற்றுக் கட்டில் பெயர் பதித்த கல்லுக்கு ஆள் வரும், வாசர் வாங்கக் கேட்டால் ஒருத்தரும் வராத நிலை இருக்கக் கூடாது. அப்பாவின் திவசத்துக்கு ஒரு செயினும் நாலு வாசரும், ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ பம்பி திருத்தும் பயிற்சியும் கொடுத்தால் அதுவும் புண்ணியம்தான். படத்தில் வடிவாக இருக்காது. ஆனால் ஐந்தாம் வருசமும் தண்ணி வரும்.

ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் அந்தப் பம்பியைக் கண்டுபிடித்தவர்கள் செய்த பெரிய காரியம், தாங்கள் அடித்த கிணற்றுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்ததுதான். நாங்களும் ஊருக்குப் போகும்போது கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போவதோடு, எங்கட காசில் அடித்த கிணற்றடிக்கும் ஒருக்கால் போய்க் கைபிடியை அடித்துப் பார்ப்போம். போக முடியாதவர்கள் தொலைபேசியிலாவது விசாரிப்போம். தண்ணி வந்தால் சந்தோசம். வராவிட்டால் என்ன பழுது, யார் திருத்துவார்கள், எவ்வளவு முடியும் என்று அண்டைக்கே கேட்டு எழுதிக்கொண்டு வருவோம்.